கேள்வி கேட்காத பிள்ளைகள்

போர்க்கால இரவுகள் பிள்ளைகளை என்ன செய்கின்றன என்பதைப் பற்றி சிவரமணியின் கவிதை ஒன்று உண்டு. ஈழக் கவிதை வாசிக்கத் தொடங்குகிற யாரும் முதல் பத்துக் கவிதைகளுக்குள் அதைச் சந்தித்துவிடுவார்கள். அவ்வளவு பிரபலம். பிரபலமானதாலேயே சரியாக வாசிக்கப்படாமல் போய்விட்டதோ என்று எனக்கொரு எண்ணம். 'ஐயோ பாவம், குழந்தைகள்' என்று உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த கவிதைக்குப் போய்விடுகிறோம். கவிதை அப்படி எதையும் சொல்லவே இல்லை.

அந்தப் பிள்ளைகள் நிறையக் கற்றுக்கொண்டார்கள் என்றுதான் அது சொல்கிறது. எப்போது படலையைச் சாத்துவது, நாய் வழக்கத்துக்கு மாறாகக் குரைத்தால் எப்படி வாயைக் கட்டிக்கொள்வது, பதில் வராத கேள்வியை எப்படிக் கேட்காமலே விடுவது என்று ஒரு பாடத்திட்டம் மாதிரி அடுக்கிக்கொண்டு போகிறது. பிள்ளைகள் இதில் எல்லாம் தேறிவிட்டார்கள். கடைசியில் அவர்கள் விளையாடுகிறார்கள். பூச்சியின் சிறகைப் பிய்க்கிறார்கள். கையில் இருக்கும் கம்பு துப்பாக்கி ஆகிறது, கூட விளையாடுகிற பையன் எதிரி ஆகிறான். அவ்வளவுதான் கவிதை. அழுகை இல்லை. யாரும் சாகவில்லை, விளையாட்டில் தவிர.

இதை எழுதியவர் 1968இல் பிறந்து, 1991 மே 19 அன்று தன் கவிதைகளில் பெரும்பாலானவற்றை எரித்துவிட்டு, தன் உயிரையும் முடித்துக்கொண்டவர். 22 வயது. தப்பிய இருபத்துச் சொச்சம் கவிதைகளை சித்ரலேகா மௌனகுரு தொகுத்து 1993இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். அந்த மரணத்தின் வெளிச்சத்தில்தான் எல்லோரும் கவிதையைப் பார்க்கிறோம், அதைத் தவிர்க்கவும் முடியாது. ஆனால் கவிதையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது வேறொரு இடத்தில். பிள்ளைகளை அவர் யாரோ ஒருவருடைய பிள்ளைகளாகச் சொல்வதில்லை, தம்முடைய பிள்ளைகளாகச் சொல்கிறார். பேசுகிற குரல், வளர்ந்தவர்களின் வரிசையில் தன்னையும் நிறுத்திக்கொள்கிறது. அந்தப் பாடத்திட்டத்தை எழுதிய கைகளில் என்னுடையதும் ஒன்று என்கிற மாதிரி. பல்கலைக்கழகப் படிப்பைத் தாண்டாத ஒரு பெண் எடுத்துக்கொள்கிற பொறுப்பு இது.

இன்றைக்கு இந்தப் பிள்ளைகளுக்கு நாம் வேறொரு பெயர் வைத்திருக்கிறோம். ரெசிலியன்ஸ். தமிழில் மீள்திறன், மீண்டெழும் திறன், தாக்குப்பிடிக்கும் திறன் என்று ஆளுக்கொரு மொழிபெயர்ப்பு. போர்க்களத்துக் குழந்தைகளைப் பற்றிய எந்த அறிக்கையை எடுத்தாலும், எந்தக் காணொளியைத் திறந்தாலும் இந்தச் சொல் வந்து நிற்கும். இடிபாட்டுக்கு நடுவில் ஒரு சிறுமி சிரிக்கிறாள், நாமும் நெகிழ்ந்து பகிர்கிறோம். காஸாவிலிருந்து வந்த காணொளிகளுக்குக் கீழே இதய பொம்மைகள் குவிந்ததைப் பார்த்திருப்பீர்கள்.

எனக்கு இந்தச் சொல்லோடு ஒரு தொழில்முறைச் சண்டை இருக்கிறது. நான் வேலை பார்க்கிற மென்பொருள் துறையில் இது தினமும் அடிபடுகிற சொல். ஒரு சர்வர் படுத்துவிட்டால் அதன் வேலையை இன்னொன்று எடுத்துக்கொள்ளும். ஒரு டேட்டா சென்டரில் கரண்ட் போனால் வேறு ஊரில் இருக்கும் நகல் எழுந்துகொள்ளும். அதைத்தான் ரெசிலியன்ஸ் என்போம். அது எந்த ஒரு சர்வரின் குணமும் இல்லை, மொத்த அமைப்பின் குணம். 'அந்த சர்வருக்கு என்ன நெஞ்சுரம் பாருங்க' என்று எந்த மீட்டிங்கிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. மாற்று எத்தனை வைத்திருக்கிறோம், அதற்கு யார் செலவு செய்வது என்றுதான் பேசுவோம். தனியாக நிற்கிற ஒரே சர்வர் ஐந்து வருஷம் விழாமல் ஓடினால் அதற்குப் பெயர் மீள்திறன் இல்லை, அதிர்ஷ்டம்.

இயந்திரத்தையும் குழந்தையையும் ஒப்பிடலாமா என்றால், கூடாதுதான். ஆனால் உளவியலும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. ஆன் மாஸ்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2001இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையில் மிகவும் பேசப்பட்டது. மீளும் குழந்தைகளிடம் அபூர்வ சக்தி எதுவும் இல்லை என்பது அதன் சாரம். அக்கறையுள்ள ஒரு பெரியவர், பள்ளிக்கூடம், கற்கும் திறன் என மிகச் சாதாரணமான விஷயங்கள் வேலை செய்தால் குழந்தை மீளும். அவை அறுந்தால் ஆபத்து. அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்னால், லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, போர்க்காலக் குழந்தைகள் காப்பகம் நடத்திய அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் ஒன்றைக் கவனித்தார்கள். குண்டுச் சத்தத்தைவிட தாயைப் பிரிந்ததுதான் பல குழந்தைகளை அதிகம் உலுக்கியது. காஸாவில் மருத்துவர்கள் ஒரு புதிய குறிப்பே எழுத வேண்டி வந்தது: 'காயம்பட்ட குழந்தை, குடும்பத்தில் உயிரோடு எவரும் இல்லை.' அந்தக் குறிப்புக்குக் கீழே போய் எப்படி 'மீள்திறன்' என்று எழுதுவது?

என் வயதுத் தமிழ்நாட்டு வாசகர்களில் பாதிப்பேருக்கு ஈழத்துக் குழந்தை என்றால் முதலில் நினைவுக்கு வருவது 'கன்னத்தில் முத்தமிட்டால்' அமுதாதான். 2002 பிப்ரவரி 14 அன்று வந்த படம். சரியாக எட்டு நாள் கழித்து, பிப்ரவரி 22 அன்று, புலிகளுக்கும் இலங்கை அரசுக்கும் போர்நிறுத்த ஒப்பந்தம். கீர்த்தனாவுக்கு அந்தப் படத்துக்காக தேசிய விருது கிடைத்தது, சும்மா சொல்லக்கூடாது, தகுதியான விருது. ஆனால் அமுதா ராமேஸ்வரத்து முகாமில் பிறந்து சென்னையில் வளர்ந்த பெண். மொட்டைமாடி, ஸ்கூல் பஸ், கோபித்துக்கொண்டால் சமாதானம் செய்ய அப்பா, அம்மா, தாத்தா. அவளுக்குக் கேள்வி கேட்கத் தெரியும். பெற்ற தாயிடம் கேட்க வேண்டியதை எல்லாம் எழுதி எடுத்துக்கொண்டே போகிறாள். படத்தின் உச்சமே அந்தக் கேள்விகளுக்குத் தாயால் பதில் சொல்ல முடியாமல் போவதுதான்.

இதையும் சிவரமணியின் கவிதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போரில் வளர்ந்த பிள்ளை கேள்வியை முதலிலேயே விட்டுவிடுகிறது. மணிரத்னத்துக்கு இது தெரியாமல் இருந்திருக்காது, ஆனால் படத்துக்கு அது உதவாது. கேட்காத பிள்ளையை வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் எப்படி அழவைப்பது? அதனால் அங்கேயே வளர்ந்த பிள்ளைகள் சட்டகத்தின் ஓரத்தில் மூட்டையோடு நடந்துபோகிறார்கள், நடுவில் நம் வீட்டுப் பெண் நிற்கிறாள். நாம் அழுதது நம் வீட்டுப் பெண்ணுக்காகத்தான்.

நான் பள்ளிப்பட்டுக்காரன். எங்கள் ஊரில் எல்லை என்பது பஸ் டிக்கெட் விஷயம். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டாரம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்ததிலிருந்து ஒரு பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் நகரி, ஆந்திரா. பிள்ளைகள் இரண்டு மொழியும் கலந்து பேசி வளர்வார்கள், எல்லையைத் தாண்டிப் போய்ப் பலகாரம் வாங்கித் தின்றுவிட்டு வருவார்கள். அந்த எல்லைக்காகவும் போராட்டங்கள் நடந்தன, ஆனால் அதற்காக ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பதுங்குகுழியில் படுக்க வேண்டியிருக்கவில்லை. ஈழப் புத்தகங்களை இப்படிப்பட்ட ஊரிலிருந்துதான் வாசிக்கிறேன் என்பதை மறக்காமல் இருக்கப் பார்க்கிறேன். இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் கும்மிடிப்பூண்டி முகாமும் இருக்கிறது. இரண்டு மூன்று பஸ் மாறினால் போய்விடலாம். 2021இல் அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நல்லது. முகாம்களிலேயே பிறந்து வளர்ந்து, தங்களுக்கும் பிள்ளை பிறந்த பின்னும் குடியுரிமை கிடைக்காதவர்கள் அந்தப் புதிய பெயர்ப்பலகைக்குக் கீழேதான் வந்துபோகிறார்கள்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் காது விசைத்தறிக்குப் பழகியது. பாவு அறுந்தால் சத்தம் மாறும். தூங்கிக்கொண்டிருக்கிற பிள்ளைகூடப் புரண்டு படுக்கும். வன்னிப் பிள்ளைகளின் காது வேறு விதமாகப் பழகியது. ஈழத்து எழுத்தில் வருகிற சொற்களைப் பாருங்கள்: ஹெலி, பொம்மர், சகடை, கிபிர், செல், ஆட்லறி, மல்ரிபரல். அகராதியில் தேடினால் கிடைக்காத இந்தச் சொற்களை ஐந்து வயதுப் பிள்ளை பிரித்துச் சொல்லும். சத்தம் கேட்கும்போதே எது, எவ்வளவு தூரம், ஓட வேண்டுமா, விழுந்து படுக்க வேண்டுமா என்று முடிவெடுக்கும். 1990க்குப் பின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் அரிதானபோது யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெயும் ஒரு திரியும். பேட்டரிக்கும் தடை, அதனால் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு மிதியைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ரேடியோ கேட்டார்கள். சுற்றுகிற வேலை பெரும்பாலும் சின்னப் பையன்களுக்கு.

இந்த இடத்தில் நாம் வாயைப் பிளப்போம். என்ன புத்திசாலித்தனம், என்ன திறமை! உண்மைதான். ஆனால் நல்ல ஈழத்து நாவல்கள் இங்கே நிற்பதில்லை. தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' (2013) எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதுதான். இறுதிப் போரில் வன்னி மக்கள் மேற்கிலிருந்து கிழக்கே துரத்தப்பட்டுக் கடற்கரை மணலில் ஒடுங்கிய கதை. அதை இழுத்துக்கொண்டு போகிறவள் ஒரு பாட்டி, கூடவே பேரப்பிள்ளைகள். சொல்முறையில் ஒழுங்கு குறைவு, சில இடங்களில் நாட்குறிப்பு மாதிரி ஓடும், பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். 'எடிட்டிங் போதவில்லை' என்று சொல்கிறவர்களோடு நான் சண்டை போட மாட்டேன். ஆனால் வேறெந்த நாவலிலும் எனக்குக் கிடைக்காத ஒன்று இதில் இருக்கிறது. ஒவ்வொரு இடப்பெயர்விலும் யார் குழி வெட்டுவது, தறப்பாளை எங்கே கட்டுவது, இன்றைக்குப் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்கிற ஓயாத கணக்கு. பிள்ளைகள் உயிரோடு இருப்பது அவர்களுடைய நெஞ்சுரத்தால் இல்லை. ஒரு கிழவி கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பதால். அந்தப் பாட்டிதான் நான் மேலே சொன்ன மாற்று. அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ற நினைப்பு பக்கத்துக்குப் பக்கம் கூடவே வருகிறது, அவள் அதைச் சொல்வதில்லை.

பள்ளிக்கூடமும் அப்படி ஒரு மாற்றுதான். வாத்தியார்கள் இடம்பெயர்ந்த இடத்தில் மரத்தடியில் வகுப்பு எடுத்தார்கள். 2009இல் ஏறத்தாழ மூன்று லட்சம் பேரைச் செட்டிக்குளத்து மெனிக் ஃபார்ம் முகாம்களில் முள்வேலிக்குள் அடைத்தபோது, அதே ஆகஸ்டில் உள்ளேயே பரீட்சை நடந்தது. (முகாம்களுக்கு ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று பெயர் வைத்தார்கள். தமிழ்ப் பெரியவர்களுக்கு அந்த மரியாதை மட்டும்தான் பாக்கியிருந்தது.) பள்ளிக்கூடம் பாதுகாப்பு என்பதாலேயே அது குறியாகவும் ஆனது. 1995 செப்டம்பர் 22 அன்று வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் பள்ளிக்கூடத்தில் விமானக் குண்டு விழுந்தது. 2006 ஆகஸ்ட் 14 அன்று வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் பயிற்சிக்கு வந்திருந்த பள்ளி மாணவிகள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அரசு அவர்களைப் போராளிகள் என்றது. யுனிசெப் மாணவிகள் என்றது. அங்கே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் மன உறுதியை மெச்சுவதற்கு முன்னால் இதைச் சொல்லியாக வேண்டும்.

இதைவிடச் சொல்லச் சங்கடமான பக்கம் ஒன்று இருக்கிறது. தாங்கிக்கொள்ளப் பழகிய பிள்ளை யாருக்குப் பயன்படும்? கேள்வி கேட்காது, பயத்தைக் காட்டாது, சத்தத்தை வைத்து ஆயுதத்தைச் சொல்லும், பசி பொறுக்கும், இருட்டில் நடக்கும். ஒரு படைக்கு வேறென்ன வேண்டும்? சிவரமணியின் கவிதை கம்பைத் துப்பாக்கியாக்கி முடிவது இதை அறிந்துதான் என்று நினைக்கிறேன். யுனிசெப் தன் பதிவேட்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சிறார்ச் சேர்ப்புகளைப் புலிகளின் பெயரில் குறித்திருக்கிறது. கிழக்கில் கருணா குழுவும் பிள்ளைகளைப் பிடித்தது. இதைப் பேசினால் 'யாருக்காகப் பேசுகிறாய்?' என்று இணையத்தில் கேட்பார்கள். சிவரமணி 1991க்கு முன்னாலேயே பேசிவிட்டார், யாழ்ப்பாணத்தில் உட்கார்ந்துகொண்டு.

ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) இந்த இடத்தைத் தொட்ட நாவல். அவரே பதின்வயதில் இயக்கத்துக்குப் போய் வெளியேறியவர். தீவுப்பகுதிக் கிராமத்துப் பையன் ரொக்கிராஜ். அப்பன் ஊர்ச் சண்டியன், பட்டப்பெயர் கொரில்லா. அப்பனின் அடியிலிருந்தும் அந்தப் பெயரிலிருந்தும் தப்பிக்கத்தான் பையன் இயக்கத்துக்கு ஓடுகிறான். பெயர் அங்கேயும் பின்னாலேயே வந்துவிடுகிறது. அடிவாங்கி வளர்ந்ததால் அடி தாங்குகிறான். அடி தாங்குகிறவன் என்பதால் மேலும் அடி. வாசிக்கும்போது பல இடங்களில் சிரித்துவிடுவோம், அதுதான் ஷோபாவின் வில்லங்கம். இயக்க வரலாற்றை எழுதிய நாவல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது ஒரு பையனின் முரட்டுத்தனத்தை வீடு, ஊர், இயக்கம் என்று ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்கிப் பயன்படுத்திக்கொண்ட கதை. இதில் பிரான்ஸ் அகதி விண்ணப்பம் ஒன்றும் வருகிறது. பட்ட பாட்டை எல்லாம் இலக்கமிட்டு அதிகாரி நம்பும்படி எழுத வேண்டும். அங்கே மீள்திறன் இருந்தால் ஆபத்து, ரொம்பத் தெளிவாகப் பேசினால் உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

தீபச்செல்வனின் 'நடுகல்' இதற்கு எதிர்ப்பக்கம். அண்ணன் போராளியாகப் போய் இறந்த வீட்டில் வளர்கிற தம்பியின் கதை. தாய்க்குப் பார்த்து அழ மகனின் ஒரு படம்கூட இல்லை என்பது அந்த நாவலின் ஆகச் சிறந்த விஷயம். போருக்குப் பின் துயிலும் இல்லங்களையும் இடித்துவிட்டார்கள் என்பதோடு சேர்த்து வாசித்தால் அந்தப் படத்தைத் தேடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். ஆனால் நாவல் நெடுகவும் சிறுவனின் குரலுக்குள் பெரியவனின் உறுதி வந்து உட்கார்ந்துகொள்கிறது. எட்டு வயதுப் பிள்ளை குழம்ப வேண்டிய இடத்தில் குழம்புவதில்லை. 'அண்ணா ஏன் போனான்?' என்பது வீட்டுக்குள் சத்தமாகக் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி. அது பெருமிதமாக மாறிவிடுகிறது. ஆசிரியரின் துக்கத்தைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் நாவலாக, அந்தச் சிறுவனுக்குக் குழப்பத்தையும் கொஞ்சம் கோபத்தையும் அனுமதித்திருக்கலாம்.

இதையெல்லாம் ஒரு நண்பனிடம் சொன்னபோது அவன் மடக்கினான். "அப்போ அவங்களுக்குப் பலமே இல்லைன்னு சொல்றியா? எல்லாரையும் பாதிக்கப்பட்டவங்களாவே பாக்குறதும் ஒரு அவமானம்தானே?" நியாயமான கேள்வி. பலம் இருக்கிறது. ஜாம் போத்தல் வெளிச்சத்தில் படித்தவர்கள் டாக்டரும் இன்ஜினியரும் ஆனார்கள். டொரொண்டோவிலும் லண்டனிலும் வீடு வாங்கினார்கள், எழுதுகிறார்கள். முகாமில் வளர்ந்தவர்களிலும் பட்டதாரிகள் நிறைய. நான் மறுப்பது பலத்தை இல்லை, அதைச் சான்றிதழாக்கி நாம் கையைக் கழுவிக்கொள்வதை. யாழ்ப்பாணத்தில் போர் முழுக்க மனநல மருத்துவராக வேலை பார்த்த தயா சோமசுந்தரம் தனிமனித மனவடுவைப் பற்றி மட்டும் எழுதி நிறுத்தவில்லை. குடும்பம், ஊர், ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கை என்று ஒரு சமூகமாகக் காயம்பட்டதை 'கூட்டு மனவடு' என்று விரித்தார். காயம் அங்கே என்றால் மீள்வதும் அங்கேதான் நடக்க வேண்டும். ஒரு பிள்ளை டாக்டரானதைக் காட்டி ஊர் மீண்டுவிட்டது என்று சொல்ல முடியாது.

குழந்தை ம. சண்முகலிங்கத்தை இங்கே நினைத்துக்கொள்கிறேன். போருக்கு முன்பே யாழ்ப்பாணத்துப் பள்ளிகளில் 'கூடி விளையாடு பாப்பா' மாதிரி சிறுவர் நாடகங்கள் போட்டவர்; 1991இல் போரின் மனக்காயங்களை வைத்தே 'அன்னை இட்ட தீ' எழுதினார். அதே ஊர், அதே காலகட்டம். ஒருவர் பிள்ளைகளை மேடையில் கூடி விளையாட வைத்தார், இன்னொருவர் அதே பிள்ளைகள் தெருவில் என்ன விளையாடுகிறார்கள் என்று எழுதினார். இருவரையும் சேர்த்துப் பேசுகிற ஒரு நீண்ட விமர்சனக் கட்டுரை தமிழில் வர வேண்டும்.

2017 பிப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தெருவில் உட்கார்ந்தார்கள். பிறகு வவுனியா, முல்லைத்தீவு என்று பரவியது. கையில் படங்கள். சில படங்களில் சீருடையோடு பள்ளிப்பிள்ளைகள், சிலவற்றில் கைக்குழந்தைகள். 2009 மே மாதம் பெற்றோரோடு ராணுவத்திடம் போனவர்கள், திரும்பி வரவில்லை. எங்கே என் பிள்ளை என்ற ஒரே கேள்வியை வருஷக்கணக்காகக் கேட்கிறார்கள். பலர் பதில் வராமலே இறந்தும்போனார்கள்.

முள்ளிவாய்க்காலில் எட்டு வயதாக இருந்தவர்கள் இப்போது இருபதுகளின் பாதியைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுக்குச் சற்று மூத்த அகரமுதல்வன் போன்றவர்களின் கதைகள் ஏற்கெனவே நம் கையில் இருக்கின்றன. அவற்றில் தெய்வமும் இயக்கமும் அம்மாவும் பெரிய குரலில் பேசுகிறார்கள். அடுத்து வருகிறவர்கள் என்ன எழுதுவார்கள் என்று தெரியாது. குண்டு விழுந்ததை நாம் வாசித்துவிட்டோம். அன்றைக்குப் பங்கருக்குள் பாட்டியிடம் கேட்க நினைத்து, நாய் குரைத்ததால் கேட்காமல் விட்டது என்ன என்பதை அவர்களில் யாராவது எழுதினால், முதல் ஆளாக வாங்குவேன்.